தலை குளிக்காத வீடு

எனக்குத் தலை அரிக்கிறது. நான் தலை குளிக்க வேண்டும். அதற்கு உங்கள் உத்தரவு வேண்டும்.

இதைக் கேட்கத்தான் வந்தேன், பெரியவர்களே. வணிகர் தெருவுக்கு நான் மருமகளாக வந்த அன்றே என் மாமியார் ஷோகோ சொல்லி வைத்தார். "பசிக்குதுன்னு கேளு. துணி வேணும்னு கேளு. புருஷனைத் திட்டணுமா, திட்டிக்கோ. அவன் வழியில இருக்கறப்ப தல குளிக்கணும்னு மட்டும் வாயத் தொறந்துடாத. அது அவனுக்குச் சாவு கேக்கற மாதிரி." சரியாகத்தான் சொன்னார். ஆண்கள் தூர தேசம் போயிருக்கும் வீட்டில் முகம் கழுவலாம், கழுத்துவரை குளிக்கலாம். தலையில் தண்ணீர் படக் கூடாது. போனவன் திரும்பினால் குளிக்கலாம். இல்லையென்றால், செத்தான் என்று தெரிந்து, பைன் குச்சியில் பொம்மை கட்டி, அதற்குக் காகிதம் உடுத்தி, அழுது எரித்த பிறகு குளிக்கலாம்.

தோசான் திரும்பவில்லை. ஆகவே இரண்டாவதைக் கேட்கிறேன். என் கணவனுக்குப் பொம்மை எரிக்க உத்தரவு கொடுங்கள்.

செய்தி ஏதும் வந்ததா என்று தலைவர் ஏகாத்சின் கேட்கிறார். வரவில்லை. வந்து சொல்ல ஆள் இருக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். அதையும் சேர்த்துச் சொல்லிவிடத்தான் வந்திருக்கிறேன். குறுக்கே பேசாமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அத்தை, நீங்களும் உட்காருங்கள். உங்கள் தலையும்தான் அரிக்கும்.

நான் யார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தெருவில் அதை ஜாடையாகத்தான் சொல்வீர்கள். நான் மோசெல். சுமைகூலியின் மகள். சுமையைத் தாங்கும் நெற்றிப்பட்டை அழுத்தி அழுத்தி என் அப்பாவின் நெற்றியில் ஒரு பள்ளம் இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். உங்கள் கொக்கோ மூட்டையோடு ஒரு சரிவில் உருண்டு செத்தார். மூட்டையை எடுத்து வந்தீர்கள். அவர் போன பிறகு அதே பட்டையைத் தம்பி சிமால் மாட்டிக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் சுமையைத் தவிர வேறு ஒன்றைக் கற்ற முதல் ஆள் நான்தான். அங்காடியில் உப்பு விற்றுக்கொண்டிருந்தேன். பேரம் பேச வந்த ஷோகோ அத்தை என் வாயைக் கேட்டுவிட்டு, "இவ ஒருத்தி வந்தா நாலு ஆளு வேல நடக்கும்" என்று மகனுக்குக் கேட்டார். அப்படி வந்தேன்.

அந்த வீட்டில் நிச்சிம் இருந்தாள்.

அவளை உங்களுக்கு நினைவிருக்காது. அடிமைகளின் பெயரை நீங்கள் நினைவில் வைப்பதில்லை. அம்பர் என்கிற மஞ்சள் பிசின்கல் விளையும் மலைநாட்டுக்காரி. நம் ஆட்கள் போக முடியாத நாடு அது. நம் முடிக்கட்டைத் தூரத்தில் பார்த்தாலே ஈட்டியை எடுப்பார்கள். யாரோ பிடித்து, யாரோ விற்று, கடைசியில் மாவரைப்பதற்காக அத்தை அவளை வாங்கியிருந்தார். அரைகல்லுக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். வேலை அலுப்பில் அவளுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. முதலில் வசவு. பிறகு சமையல் சாமான். பிறகு முழுவதும். ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வருவதற்குள், எதிரே இருப்பவர்களுக்குப் புரியாமல் அவர்களைப் பற்றியே நாங்கள் பேசிச் சிரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. உங்களைப் பற்றியும் பேசியிருக்கிறோம், பெரியவரே. உங்கள் நடையைப் பற்றி.

அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நடந்ததை நிச்சிம் ஒருமுறை சொன்னாள். அத்தை சாப்பிட உட்கார்ந்து, நாம் எல்லோரும் செய்வதுபோல, ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளி அடுப்பு நெருப்பில் போட்டிருக்கிறார். இவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"எங்க ஊர்ல வீட்டுக்குள்ள பொணம் கெடந்தாத்தான் நெருப்புக்குச் சாப்பாடு போடுவோம், தாயி. யாரு செத்தாங்கன்னே தெரியாம அழுதேன். அத்தம்மா அகப்பையால நாலு வெச்சாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, நீங்க நாளுக்கு ரெண்டு வேள பொணம் வெக்கற ஜனம்னு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். "எங்க பக்கம் விருந்துக்கு வந்தவன் அப்படிப் போட்டான்னு வை, அந்த வீட்டுல சாவு விழட்டும்னு சொன்ன மாதிரி. அவன் வாசல் தாண்ட மாட்டான்."

இதை நான் மறக்கவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. அதுதான் என்னிடம் உள்ள ஒரே சொத்து.

தோசானின் ஆசை உங்களுக்குத் தெரியும். அந்த மலைநாட்டுக்குள் வேஷம் போட்டுப் போக வேண்டும். அவர்களைப்போல முடி வெட்டி, அவர்களைப்போலப் பேசி, இடைத்தரகர்கள் யாரும் இல்லாமல் அம்பரையும் பறவைகளின் பச்சை வாலிறகையும் நேராக வாங்கி வர வேண்டும். இந்தத் தெருவில் யாரும் செய்யாததைச் செய்தால் உங்கள் வரிசையில் அவனுக்கு ஒரு பாய் கிடைக்கும். ஆனால் அப்படிப் போகும் பதினோரு பேருக்குத் தலைமை தாங்க வேண்டுமென்றால் முதலில் திருவிழாவில் ஓர் அடிமையைக் குளிப்பாட்டிக் கோயிலுக்குப் பலி கொடுத்து, உங்களுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும். உங்கள் சட்டம் அது.

அவன் நிச்சிமைக் கொடுக்கப் போவதாகச் சொன்னபோது நான் நியாயமாகத்தான் பேசினேன். மலைநாட்டுப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க அவள் வேண்டுமே என்றேன். அவனும் நியாயமாகத்தான் பதில் சொன்னான்.

"அவ அந்த ஊர்க்காரி, மோசெல். எங்களக் குழியில தள்ள மாட்டான்னு என்ன நிச்சயம்? நீ நம்ம வீட்டுப் பொண்ணு. அவளுக்குத் தெரிஞ்சது அத்தனையும் உனக்குத் தெரியும். நீ போதும்."

நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். அந்நியப் பெண்ணை நம்பிப் பதினோரு பேரை அனுப்ப முடியாது, சொந்த வீட்டுப் பெண் சொல்லிக்கொடுக்கட்டும் என்று. எச்சரிக்கையான ஆட்கள் நீங்கள். அதனால்தான் பணக்காரர்களாக இருக்கிறீர்கள்.

ஒழுங்காக வேலை செய்யும் வீட்டு அடிமையைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது. சொல்பேச்சு கேட்காதவள் என்று இரண்டு பேர் சாட்சி சொல்லி, அவள் கழுத்தில் மரச்சட்டம் ஏற வேண்டும். சாட்சி சொல்லப்பட்டது. இதே கூடத்தில்தான். சட்டம் ஏறியது. அதே வாரம் சிமாலுக்கு நெற்றிப்பட்டை போய்க் கைத்தடி கிடைத்தது. சுமைகூலி மகன் ஒருவன் வணிகனின் கைத்தடியைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதை வீட்டு மூலையில் நிறுத்தி, காகிதம் சுற்றி, சாம்பிராணி காட்டிக் கும்பிட்டான். தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

திருவிழாவரை நிச்சிமைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு. தண்ணீர் கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. தினமும் அவள் தலையை நான் தேய்த்துவிட்டேன். நல்ல சாப்பாடு கொடுத்தோம், கையில் பூ கொடுத்தோம், கூரைமேல் ஏற்றி ஆடவிட்டோம். தெருவே பார்த்தது. அழகாக ஆடினாள் என்று அத்தை பக்கத்து வீட்டில் சொன்னார். அது பொய்யில்லை.

கோயிலுக்குப் போவதற்கு முன் அவள் உச்சிமுடியை வெட்டி நாணல் பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டி எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. வீட்டுக்காரன் சாகும்வரை தொங்க வேண்டும். அவன் செத்த பிறகுதான் அவனோடு சேர்த்து எரிக்கலாம். இதுவும் உங்கள் சட்டம். நான் அடுப்படியில் நிமிரும்போதெல்லாம் அது என் தலைக்கு மேலே இருந்தது. அதைக் கீழே இறக்க வேண்டும் என்று நினைத்தேன். இறக்குவதற்கு நீங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு வழிதான்.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கோபம் எனக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அதைக் கொண்டு இதுவரை ஒரு வேலையும் நடந்ததில்லை.

பாடத்தைப் படகுத்துறையில் வைத்துக்கொண்டேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மரநிழல் இருந்தது, காற்று வந்தது. அடுப்பு இல்லை. பதினோரு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். எப்படி முடி வெட்டுவது, கோவணத்தை எந்தப் பக்கம் முடிவது, சாப்பிடுவதற்கு முன் எப்படி வாய் கொப்பளிப்பது, எப்படி இரண்டு கையாலும் வாங்குவது, வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமல் எப்படி நன்றி சொல்வது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தும்மினால் என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை. வான்கோழி மாதிரி தாடையை ஆட்டாமல் பேசு என்று தோசானை எல்லோர் முன்னாலும் அதட்டினேன். சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சொல்லிக்கொடுக்கும்போது நான் நல்ல ஆசிரியை. அதை இங்கே யாரும் மறுக்க முடியாது. நீங்களே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இவர்களை மலைநாட்டுத் தாய் பெற்ற மாதிரி இருக்கிறது என்றீர்கள்.

நான் எதையும் தவறாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல் தப்பில்லை, ஒரு முடிச்சு தப்பில்லை. நெருப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. நம் ஆட்களுக்கு அது ஒரு பழக்கம் என்றே தெரியாது. கை தானாகப் போகும். மூச்சு விடுவதை யாராவது போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வார்களா?

பதினோரு பேரில் நன்றாகக் கற்றவன் சிமால்தான். அவன் என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. பட்டை தூக்கியவனுக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்து நடக்கத் தெரியும். "அக்கா, இப்படியே போனா என் பொண்டாட்டிகூட என்ன அடையாளம் கண்டுபிடிக்க மாட்டா" என்றான்.

"உனக்கு ஏதுடா பொண்டாட்டி?"

"திரும்பி வரப்ப அம்பரோட வரேன்ல. அதப் பாத்து ஒருத்தி வருவா."

கடைசிப் பாடம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவன் மட்டும் துறையில் உட்கார்ந்திருந்தான். நான் கட்டிக்கொண்டு போயிருந்த சோளக் கொழுக்கட்டையைப் பிரித்தான். ஒரு துண்டு கிள்ளினான். கையை நீட்டிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான். நெருப்பு இல்லை. கால்வாயில் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"அடுப்பு இல்லாட்டியும் கை போகுது பாரு. அக்கா, ஏதாவது விட்டுப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அந்தத் துண்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு மீன் வந்து அதை இழுத்துக்கொண்டு போகும்வரை நான் யோசித்தேன்.

"ஒண்ணும் விட்டுப்போகல" என்றேன்.

அத்தை அழுகிறார். அவனிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, பாவி, கூடப் பிறந்தவன் ஆயிற்றே என்கிறார். சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம் சொன்னால் பத்துப் பேரிடமும் சொல்லிவிடுவான். தோசானிடம்தான் முதலில் சொல்வான். கைத்தடி கொடுத்தவன் என்ற விசுவாசம். சிமால் அப்படிப்பட்டவன். அப்படிப்பட்டவனாக இருந்தது அவன் குற்றமில்லை, என் குற்றமும் இல்லை.

அவர்களை எச்சரிக்க ஓட்டக்காரர்களை அனுப்பலாமா என்று நீங்கள் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசுவது எனக்குக் கேட்கிறது. அனுப்பிப் பயனில்லை. தெற்கே மலைநாட்டில் மழை இறங்கிவிட்டதாக நேற்று அங்காடியில் உப்புக்காரர்கள் சொன்னார்கள். அதற்காகத்தான் இத்தனை நாள் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தேன். வெயில் காலம் முழுவதும் வெட்டவெளியில் தங்கி, தூரத்திலிருந்து பேசி, எப்படியோ தப்பித்திருக்கலாம். மழை வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். நனைந்து வந்தவர்களை எந்த ஊரிலும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். சூடாக எதையாவது கையில் கொடுப்பார்கள். மலைநாட்டுக்காரர்கள் நல்ல ஜனங்கள் என்று நிச்சிம் சொல்வாள்.

பதினோரு கையும் ஒன்றாக நீண்டிருக்கும்.

இதை நான் நிச்சிமுக்காகச் செய்தேன். அவளுக்காகக் கேட்க இந்தக் கூடத்தில் ஆள் கிடையாது. அவளுக்குப் பொம்மை கிடையாது, அழ ஆள் கிடையாது, ஒரு பெட்டியில் கொஞ்சம் முடி. ஒரு மனுஷிக்காக இந்தத் தெருவில் ஒருத்தி கேட்டாள் என்று இருக்கட்டும். சாவுக்குச் சாவு என்று உங்கள் வணிகர் மன்றமே தீர்ப்புச் சொல்கிறது. நான் உங்களிடம் கற்றதைத்தான் செய்தேன்.

என்ன கேட்டீர்கள், தலைவரே? மெதுவாகக் கேட்டாலும் எனக்குக் கேட்கும்.

"அவ மேல சாட்சி சொன்ன ரெண்டாவது ஆளு யாரும்மா?"

உங்களுக்குத் தெரியும். இதே இடத்தில்தான் நின்றேன், நீங்கள்தான் விசாரித்தீர்கள். முதல் சாட்சி அத்தை. இரண்டாவது நான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மூன்று தடவை மாவரைக்கச் சொன்னாயா என்று கேட்டீர்கள். சொன்னேன். அவள் எழுந்து வந்தாளா என்று கேட்டீர்கள். வரவில்லை என்றேன். அது உண்மை. காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சலா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு சொல் பொய்யில்லை.

கைத்தடியா? சாட்சி சொன்னால் தம்பிக்குக் கைத்தடி தருகிறேன் என்று தோசான் சொன்னது உண்மைதான். ஆனால் அவள் கழுத்தில் மரச்சட்டம் ஏறினால் வேறு எங்காவது விற்றுவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். கோயிலுக்கு என்று என்னிடம் அவன் முன்பே சொல்லியிருந்தானே என்று கேட்கிறீர்களா? சொல்லியிருந்தான். சொல்வதை எல்லாம் செய்கிற ஆள் இல்லை அவன். அப்படி நினைத்தேன். என் அப்பாவின் நெற்றியை நீங்கள் பார்த்ததில்லை. சிமாலின் நெற்றியிலும் பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. கட்டைவிரலை வைத்தால் பொருந்தும்.

நிச்சிமுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. அதை அவளே சொன்னாள். கடைசியாகத் தலை தேய்த்துவிட்ட அன்று, "தண்ணி இதமாத்தான் இருக்கு, தாயி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "ஒரு ஆளு அத்தம்மான்னு தெரியும். இன்னொரு ஆளு யாருன்னு நான் யாரையும் கேக்கல" என்றாள். கேட்காத ஒன்றுக்கு நான் பதில் சொல்வதில்லை. தண்ணீரை ஊற்றினேன்.

போதும். நான் கிளம்புகிறேன்.

உத்தரவு இன்னும் கொடுக்கவில்லை என்கிறீர்கள். உத்தரவு கேட்டேன், காத்திருப்பதாகச் சொல்லவில்லை. காலையிலேயே பொம்மையைக் கட்டிவிட்டேன். முற்றத்தில் காகிதம் உடுத்திக் கிடத்தியிருக்கிறேன். நாணல் பெட்டியை இறக்கி அதன் மடியில் வைத்து, தீயும் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். இந்நேரம் பாதிக்கு மேல் எரிந்திருக்கும். தலை தேய்க்க நுரை வேரை இடித்து வைத்திருக்கிறேன். தண்ணீரும் போட்டிருக்கிறேன், கொதிக்காமல், ஆறாமல். என் கழுத்தில் வைத்து நெரிக்கத் தடியோடு ஆள் அனுப்புவீர்கள். அனுப்புங்கள், நான் எங்கும் ஓடப் போவதில்லை. தலை காய்ந்த பிறகு அனுப்புங்கள்.

வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் விலகுங்கள்.

எத்தனை பொம்மை கட்டினாய் என்று கேட்கிறீர்களா, தலைவரே? ஒன்றுதான். தோசானுக்கு. சிமாலுக்குக் கட்டவில்லை. அவன் கெட்டிக்காரன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டிருப்பான். மழை விட்டதும் அம்பரோடு வந்து நிற்பான், பாருங்கள். வந்தால், அக்கா உனக்கு எதையும் விடாமல் சொல்லிக்கொடுத்தாள் என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.